நத்தார் சோடனையைக் குறைச்சுக்கொண்டு வாறன், நீங்கள் என்ன செய்யிறியள்?

பாலையடி (புதுக்குடியிருப்பு)
4 மார்கழி 2024, இரவு 9.10

வணக்கம். வெள்ளம் வத்தி முத்தம் காய்ஞ்ச பிறகு, மால் பரணில கிடந்த சோடனைச் சாமானுகளை இறக்கினன். நாலு காட்போட் பெட்டி, ரெண்டு உரப்பை. முதல் உரப்பையை அவிட்டா, கண் திறக்காத எலிக்குஞ்சு அஞ்சு பச்சை வயருக்குள்ள சுருண்டு கிடக்குதுகள். தாய்க்காரி வயரின்ட தோலைச் சுரண்டிச் சுரண்டி மெத்தை போட்டிருக்கிறா. உள்ள செப்புக்கம்பி மினுங்குது. மகள் குனிஞ்சு பாத்துட்டு, "அப்பா, இந்த வருசப் பாலன் குடில் இதுதான்" எண்டாள்.

சிரிச்சிட்டு உரப்பையைத் திரும்பவும் அப்பிடியே வைச்சாச்சு. ஆனா அதுக்குப் பிறகு யோசினை வந்திட்டுது.

எங்கட வளவுக்குக் கரண்ட் வந்தது 2013இல. அந்த நத்தாருக்கு ஒரேயொரு லைற் மாலை வாங்கி விறாந்தை வளையில கட்டினன். றோட்டால போன சனம் சைக்கிளை நிப்பாட்டிப் பாத்திட்டுப் போச்சுது. அவ்வளவுதான், எனக்குப் பிடிச்சுது விசர். அடுத்த வருசம் மூண்டு மாலை. 2017இல எண்ணிப் பாத்தா பதினாலு. அதோட கூரை விளிம்பு நீளத்துக்கு 20 மீற்றர் குழாய் லைற், முத்தத்துப் பாலைக்கு 50 வாற் பிளட் லைற் ஆறு, தகரப் படலைக்கு மேல கம்பியில செய்த மான் வண்டில். வன்னியில பனிமான் பாருங்கோ! நிசமான மான் பாக்க வேணுமெண்டா விடியப்புறம் காட்டு றோட்டால போனாக் காணும்.

பிறகு ஒவ்வொரு வருசமா ஒவ்வொரு காரணம் வந்து குறைச்சுப் போட்டுது. 2018 மார்கழி 21 இரவு அடிச்ச மழையில இரணைமடு வான்கதவு திறந்து, கண்டாவளைப் பக்கத்துச் சொந்தக்காரர் மூண்டு குடும்பம் எங்கட வீட்டில. பிளக்கைக் கழட்டிப்போட்டு, நனைஞ்ச உடுப்புக் காயப்போடத்தான் அந்த வருசம் வயர் உதவினது. 2019, உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பு நடந்த வருசம், எங்கட கோயில் பங்கில ஒருத்தருமே சோடிக்கேல்லை. 2020இல மார்கழி பிறந்த உடன புரெவிப் புயல், அதோட கொரோனா. 2022இல கரண்ட் பில். அந்த ஆவணியில சராசரி 75 வீதம் ஏத்தினவை, 2023 மாசியில இன்னொரு 66. இந்த வருசம் ரெண்டு தரம் குறைச்சவைதான். ஆனா பயம் குறையேல்லை.

2017 சோடனையை நேற்று இருந்து கணக்குப் பாத்தன். குழாய் லைற் மீற்றருக்கு 16 வாற் படி 320. பிளட் லைற் 300. பழைய குமிழ் மாலை பதினாலும் 280. மொத்தம் 900 வாற். இரவுக்கு 6 மணித்தியாலம், 25 நாள். 135 யுனிற்! கிணத்து மோட்டர், பிரிட்ஜ் எல்லாஞ் சேத்து இப்ப எங்கட வீடு மாசத்துக்கு 58 யுனிற்தான் ஓடுது.

இந்த வருசம் விறாந்தைக்கு நாலு எல்.ஈ.டி மாலை, குடிலுக்குள்ள ஒரு சின்னன், பாலையில ஒரு வெளிச்சக்கூடு, அதோட சரி எண்டு நினைக்கிறன். உங்களில ஆராவது இப்பிடிக் குறைச்ச ஆக்கள் இருக்கிறியளோ? வீட்டில என்ன சொல்லிச்சினம்? இன்னொண்டு, மழை பெய்தா ட்ரிப் சுவிச் விழுகுது. அதுக்கும் ஒரு வழி சொல்லுங்கோ.

வயர்மாமா (கிளிநொச்சி)
4 மார்கழி, இரவு 10.32

தம்பி, முதல்ல ட்ரிப் சுவிச். அது உங்களுக்கு விரோதியில்லை. 30 மில்லி அம்பியர் கசிஞ்சா விழத்தான் செய்திருக்கு. ஒரு மாலை தனிய அவ்வளவு கசியாது. நனைஞ்ச ஜொயின்ற் ஒவ்வொண்டும் அஞ்சு, ஆறு எண்டு கசிஞ்சு, பதினாலு சேந்தா விழும். எல்லாத்தையும் கழட்டிப்போட்டு ஒவ்வொண்டாக் குடுத்துப் பாருங்கோ, கள்ளன் பிடிபடுவான். சுவிச் விழுகுதெண்டு அதைத் தாண்டி நேர கரண்ட் குடுக்கிற ஆக்களும் எங்கட ஊரில இருக்கினம். நத்தாருக்குச் சோடிக்கப் போய் வேற சோடனை செய்யிற வேலை அது. வேண்டாம்.

சனம் விடுற பெரிய பிழை, ஜொயின்றுக்குப் பொலித்தீன் சுத்தி ரேப் போட்டு இறுக்கிறது. தண்ணி எப்பிடியும் உள்ள போகும். போனது வெளிய வராது. பொலித்தீனைக் குடை மாதிரி மேலால மட்டும் கட்டி வாயைக் கீழ விடுங்கோ. வயர் பிளக்குக்குப் போக முன்னம் பிளக்கை விடக் கீழ ஒரு தொங்கல் தொங்க வேணும். மழைத்தண்ணி வயராலதான் ஓடிவரும், தொங்கல்ல வந்து சொட்டிப்போடும். தகரக் கூரை விளிம்பில நேர கட்டாதேங்கோ. காத்துக்கு ஆடி ஆடித் தகரம் வயரை வெட்டும், பிறகு முழுக் கூரையும் கரண்ட். தகரத்துக்கும் வயருக்கும் நடுவில ஒரு பழைய ரியூப் துண்டாவது குடுங்கோ.

பழைய குமிழ் மாலையளைப் பற்றியும் ஒண்டு சொல்லவேணும். 230 வோல்ற்றை நூறு குமிழுக்குப் பங்கு போட்டா ஒண்டுக்கு 2.3. ஒரு குமிழ் எரிஞ்சு போனா, அடியில சுத்திக்கிடக்கிற மெல்லிய கம்பி கரண்டைக் கடத்திவிடும், மிச்சம் எரியும். நல்லதுதானே எண்டு விட்டிடுவியள். ஆனா செத்தவன்ட பங்கு மிச்ச ஆக்களின்ட தலையில. பத்துப் பேர் போனா மிச்சத் தொண்ணூறும் கூடச் சூடாகி, மற்றதும் கெதியாப் போகும். அந்தப் பதினாலையும் தூக்கி எறியுங்கோ, தயவு பாக்காதேங்கோ. நூறு லைற் எல்.ஈ.டி மாலை 6 வாற்றளவிலதான் எடுக்கும். நீங்கள் சொன்ன அஞ்சும், கூட்டுக்குள்ள 5 வாற் குமிழும் சேத்தா 35 வாற். இரவுக்கு 4 மணித்தியாலம், 20 நாளைக்கு மூண்டு யுனிற்றும் வராது.

ஆனா நீங்கள் 58இல நிக்கிறியள். அதுதான் கவனம். 60 தாண்டினா மேல போன யுனிற்றுக்கு மட்டும் விலை கூடுறதில்லை, முதல் யுனிற்றிலயிருந்தே வேற விலை, நிலைக்கட்டணமும் வேற. பிரிட்ஜைத் துறந்து வைச்சுக்கொண்டு கதைக்கிற ஆக்களை மார்கழியில கொஞ்சம் அடக்குங்கோ.

முள்ளியவளை_பிள்ளை
5 மார்கழி, காலை 6.48

அண்ணா, எங்களுக்கு நத்தார் இல்லை, கார்த்திகை விளக்கீடு. ஆனா கதை ஒண்டுதான்.

மாமி இருந்த காலத்தில 108 சிட்டி விளக்கு. அம்மி கல்லுக்கு ஒண்டு, உரலுக்கு ஒண்டு, கோழிக்கூட்டுக்கு ஒண்டு எண்டு வைச்சுக்கொண்டே போவா. படலையில வாழைக்குற்றி நட்டு அதுக்கு மேல சிரட்டையில பெரிய விளக்கு. மாமா பழைய வேட்டியைக் கிழிச்சுத் தடியில சுத்தி, எண்ணெயில ஊறவைச்சுப் பந்தம் கட்டி, கிணத்தடிக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் எருக்கும்பிக்கும் கொண்டுபோய்க் குத்துவார். வைக்கல் போருக்குக் கிட்ட மட்டும் போகமாட்டார்.

இப்ப நான் 12 சிட்டிதான் வைக்கிறன். காரணம் பக்தி குறைஞ்சதில்லை, காத்து. விளக்கீடு வாறது மழைக்காலத்தில. 108 ஐ ஏத்தி முடிக்க முன்னம் முதல் இருபதும் நூந்திடும். திரும்ப வந்து ஏத்த, அங்கால நூரும். ரெண்டு மணித்தியாலம் நெருப்புப்பெட்டியோட ஓடித் திரிஞ்சு, நிண்டு பாத்தது ஒரு நிமிசங்கூட இல்லை. 12 எண்டா எல்லாத்தையும் ஏத்திப்போட்டு திண்ணையில இருந்து பாக்கலாம். பந்தம் விடேல்லை, கிணத்தடிக்கு ஒண்டு, மாட்டுக்கு ஒண்டு.

இன்னொண்டும் சொல்லோணும். 2012இல விளக்கீடு கார்த்திகை 27ஆந் திகதி, மாவீரர் நாளில வந்தது. வாசல்ல விளக்கு வைக்கிறதோ வேண்டாமோ எண்டு எங்கட ஒழுங்கையில வீடு வீடாக் குசுகுசுத்த வருசம். நாங்கள் சாமியறையில மட்டும் ரெண்டு ஏத்திப்போட்டு யன்னலைச் சாத்தினம். நீங்கள் விருப்பத்தில குறைக்கிறியள், குறையுங்கோ. எங்களுக்குக் குறைக்கப் பழக்கினது வேற.

குளக்கட்டு (மல்லாவி)
5 மார்கழி, பகல் 1.15

எல்லாரும் என்னை ஏசினாலும் பறவாயில்லை. எனக்கு உந்தக் குறைக்கிற கதை பிடிக்கேல்லை.

நான் 1991இல பிறந்தனான். சுவிச்சைப் போட லைற் எரிஞ்சதை எங்கட சொந்த வீட்டில காணேக்க எனக்கு இருபது வயசு தாண்டிட்டுது. அதுவரைக்கும் குப்பி விளக்கு, இல்லாட்டி நிலவு. ஐஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப்புக்கு நான் படிச்சது ஜாம் போத்தல் விளக்கில. உள்ள பஞ்சு, பஞ்சு நனையிற அளவுக்கு மண்ணெண்ணெய், திரிக்கு சைக்கிள் வால்வுக்கட்டை. புத்தகத்தைக் கிட்டக் கொண்டுபோனா முன்மயிர் பொசுங்கும்.

என்ட மகனுக்கு ஆறு வயசு. வீட்டைச் சுத்தி லைற் கட்டச்சொல்லிக் கேக்கிறான். நான் பில்லைக் காட்டி, "தம்பி, அளவா இருப்பம்" எண்டு சொல்லவோ? நாங்கள் இருட்டில இருந்தது போதும் அண்ணை. உங்கட பனிமானைப் பாத்து நீங்களே சிரிக்கிறியள். ஒரு சின்னப் பெடியன் அதைப் பாத்திட்டு ராத்திரி நித்திரை கொள்ளாமக் கிடந்திருப்பான், அது உங்களுக்குத் தெரியாது.

பாலையடி
5 மார்கழி, இரவு 8.40

குளக்கட்டுத் தம்பி, ஏச ஒண்டுமில்லை. நீர் சொன்னதுதான் 2013இல என்ட மனதிலயும் இருந்தது. அந்த முதல் மாலையைக் கட்டிப்போட்டு இரவு பதினொரு மணிக்கு முத்தத்தில தனிய நிண்டு பாத்தனான். 2008 நத்தாருக்கு இதே ஊரில வெளிச்சம் வெளிய தெரியக்கூடாதெண்டு யன்னலுக்குச் சாக்குக் கட்டினனாங்கள். 2009 நத்தார் செட்டிகுளத்து முகாம் கூடாரத்தில. தறப்பாள் துண்டில வெட்டின நட்சத்திரம் ஒண்டு, விளக்கில்லாமல். அதுக்குப் பிறகு வந்த 14 மாலை எண்டு யோசிச்சா எனக்கே என்னில கோபம் வராது.

ஆனா நான் முதல் எழுதேக்க ஒண்டை விட்டிட்டன். எழுதுறதோ எண்டு யோசிச்சனான்.

2017இல புதுசா ஒரு சாமான் வந்தது, நீளக் குழாய், எட்டுக் குழாய் ஒரு செற். மேலயிருந்து கீழ வெள்ளை வெளிச்சம் வழுகி வழுகி இறங்கும், மழைத்துளி மாதிரி. விலையும் கூட. பாலைக் கொப்பில ஏறி எட்டையும் தூக்கிவிட்டன். முதல் இரவு எல்லாரும் முத்தத்தில கதிரை போட்டு இருந்தம். நான் சுவிச்சைப் போட்டன். பிள்ளையள் கை தட்டிச்சுதுகள். அம்மா ஒண்டும் பேசேல்லை. கொஞ்ச நேரத்தால எழும்பி, கதிரையையும் தூக்கிக்கொண்டு உள்ள போட்டா. பின்னால போய் என்னண அம்மா எண்டு கேட்டன். "ஒண்டுமில்லை தம்பி. பரா லைற் இறங்கிற மாதிரிக் கிடக்கு. நீங்கள் இருந்து பாருங்கோ" எண்டா.

அண்டிரவே கழட்டினன். பிள்ளையளுக்குப் பழுதாப் போச்செண்டு சொன்னது. பரா லைற்றைத் தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன், வானத்தில போட்டா ஊரே பகல் மாதிரி வெளிச்சமாகி, குடையில தொங்கிக்கொண்டு ஆறுதலா இறங்கும். அது இறங்கி முடியிற வரைக்கும் நாங்கள் பங்கருக்குள்ள.

அதுக்குப் பிறகு மினுக்கிற மோட் ஒண்டும் வைக்கிறதில்லை. எரியிறதெண்டா நிண்டு எரிய வேணும், மஞ்சளா. பில்லை முன்னுக்கு எழுதினது, அது எழுத லேசு எண்டபடியால.

குளக்கட்டு
5 மார்கழி, இரவு 9.02

அண்ணை, குறை நினைக்காதேங்கோ. எங்கட அப்பாவும் நத்தார், வருசப்பிறப்பு எண்டா வெடிச்சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு ரேடியோவைப் பெரிசாப் போடுவார். வெளிச்சத்தைப் பற்றி நான் யோசிக்கேல்லை.

எண்டாலும் மகனுக்குக் கட்டத்தான் போறன்.

பாலையடி
5 மார்கழி, இரவு 9.05

கட்டுங்கோ, கட்டுங்கோ. வயர்மாமா சொன்ன தொங்கலை விட்டுக் கட்டுங்கோ.

கள்ளப்பாட்டான் (முல்லைத்தீவு)
6 மார்கழி, காலை 5.30

கடலுக்குப் போகேல்லை, காத்து. அதுதான் இந்த நேரத்தில எழுதுறன்.

எங்கட கரையில சோடனைக்கு ஒரு நேரக்கணக்கு இருக்கு. எவ்வளவு கட்டினாலும் 25 இரவோட எல்லாம் நிப்பாட்டவேணும். 26 காலமை சுவிச்சில ஒருத்தரும் கை வைக்கமாட்டினம். ஆரும் போட்ட சட்டமில்லை. மற்ற ஊரில வருசப்பிறப்பு வரைக்கும், மூவிராசாக்கள் திருநாள் வரைக்கும் எரியும். எங்களுக்கு மாலைக்கு மெழுகுதிரி மட்டும்.

2004இல 26 ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். முதல் நாள் கட்டின கூடுகள் எல்லா வீட்டிலயும் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அண்டைக்குப் பிறகு ஒரு கூட்டின்ட சட்டம், ரிஷூப் பேப்பர் எல்லாம் போய் வெறும் தடியா, வீடில்லாத வளவில நிண்ட தென்னையில சிக்கி மாசக்கணக்காக் கிடந்தது. ஒருத்தரும் எடுக்கேல்லை.

இந்த வருசத்தோட 20 வருசம். நாங்கள் வீட்டில ஒரு மாலைதான் கட்டுறது, அதுவும் உள்ளுக்க. பிள்ளையள் கேக்குதுகள்தான். அதுகள் 2004க்குப் பிறகு பிறந்ததுகள், அதுகளுக்குக் கடல் கடல்தான்.

முள்ளியவளை_பிள்ளை
6 மார்கழி, காலை 6.20

வாசிச்சன் அண்ணா.

பனிக்குல்லா (ரொறன்ரோ)
6 மார்கழி, இரவு 11.48

நான் 96இல வெளிக்கிட்டனான், சொந்த இடம் ஒட்டுசுட்டான். இங்க மார்கழியில பின்னேரம் நாலே முக்காலுக்கு முன்னமே பொழுது பட்டிடும். வேலையால வாறது இருட்டில, போறதும் இருட்டில. அதால இந்த ஊரில லைற் கட்டுறது ஆடம்பரம் எண்டு சொல்லேலாது, மனிசருக்குத் தேவையாக் கிடக்கு. வன்னியில ஆறு மணி வரைக்கும் வெளிச்சம் நிக்கும், நீங்கள் குறைச்சாலும் ஒண்டும் ஆகாது.

நானும் ஒரு காலத்தில வீட்டு முகப்பு, ரெண்டு மரம், வேலி எல்லாம் கட்டினனான். காத்தடிச்சு நிப்பாட்டிற பெரிய பனிமனிசன் பொம்மையும் வாங்கினன். அது ராத்திரி காத்துப் போய், விடிய வாசல்ல குப்புறக் கிடக்கும், பாக்கிற ஆக்களுக்கு ஆரோ விழுந்து கிடக்கிற மாதிரி. ஒரு வருசம் கழட்டுறதெண்டு ஏணியில ஏறிப் பனியில சறுக்கி, கை மொழி விலகி ஆறு கிழமை கட்டு. கட்டேக்க ஐப்பசி, நல்ல காலநிலை. கழட்டேக்க தை, சறுக்கல். அதைத்தான் ஒருத்தரும் முதலே யோசிக்கிறேல்லை. இப்ப ஒரு ஜன்னல், ஒரு கதவு, ஒரு ரைமர். பேரப்பிள்ளையளுக்கு அது காணும். அதுகளுக்கு ஜன்னலுக்குள்ள இருக்கிறதுதான் கண்ணுக்கு எட்டுற உயரம்.

கூடு எண்டு எழுதினதைப் பாக்க ஒரு கதை ஞாபகம். எங்கட அண்ணர் கூட்டுக்குள்ள குப்பி விளக்கை வைச்சு மாவில தூக்கிவிட, காத்துக்குச் சரிஞ்சு ரிஷூ பத்தி, எரிஞ்ச நட்சத்திரம் ஒண்டு இறங்கி வந்து மாட்டுக்கொட்டில் கிடுகில குந்திச்சுது. மூண்டு வாளித் தண்ணியோட முடிஞ்சுது. அப்பு அண்ணரைத் துரத்தினது றோட்டு வரைக்கும். அடுத்த வருசத்திலயிருந்து பால்ரின்னுக்குள்ள மண் போட்டு, மண்ணுக்குள்ள விளக்கைப் புதைச்சு வைச்சம்.

சின்னத்தங்கை (மாங்குளம்)
8 மார்கழி, இரவு 7.25

வாடகை வீடு, வெளிய பிளக் இல்லை. சோலார் மாலை வாங்கினால் சரிவருமோ? கடையில இரவு முழுக்க எரியும் எண்டு சொல்லினம்.

வயர்மாமா
8 மார்கழி, இரவு 8.11

தங்கச்சி, சித்திரையில எண்டா எரியும். மார்கழியில இங்க வானம் மூடிக்கிடக்கும். உள்ள இருக்கிறது 1.2 வோல்ற் சின்னப் பற்றறி, வெயிலில்லாட்டி அரைவாசிகூட ஏறாது. ஆறு மணிக்குப் பத்தி எட்டு மணிக்கு நூரும். நத்தார்ப் பூசைக்கு நீங்கள் கோயிலுக்குப் போக முன்னமே வீடு இருண்டிடும். யூ.எஸ்.பி மாலை ஒண்டு வாங்கி போன் சார்ஜரில குத்தி, கதவுக்கு உள்பக்கமாக் கட்டுங்கோ. 5 வோல்ற், நனைஞ்சாலும் உயிருக்குச் சேதமில்லை. ஆனா சார்ஜர் மட்டும் கட்டாயம் உள்ள இருக்கோணும், அதுக்கு 230 வருகுது.

வெள்ளை, நீலம் வாங்காதேங்கோ. முதல் மழைக்கு ஈசல் எல்லாம் உங்கட வீட்டிலதான். மஞ்சளுக்கு அவ்வளவு வராது.

பாலையடி
16 மார்கழி, இரவு 9.50

முடிச்சாச்சு. எழுதச் சொல்லிக் கேட்ட ஆக்களுக்காக எழுதுறன்.

பழைய வயர் கழட்டத்தான் பாலையில ஏறினன். 2015இல ஒரு கொப்பில கம்பியால இறுக்கிக் கட்டினதை மறந்து விட்டிருக்கிறன். மரம் அந்தக் கம்பியை விழுங்கிப் போட்டுது. பட்டை ரெண்டு பக்கத்தாலயும் வந்து மூடி, பச்சை வயர் ஒரு பக்கத்தால உள்ள போய் மற்றப் பக்கத்தால வெளிய வருது. இழுத்துப் பாத்தன், வராது. ரெண்டு பக்கமும் வெட்டிப்போட்டு நடுத்துண்டை மரத்துக்கே விட்டிட்டன். வேலியிலயும் அதுதான் நிலமை, கிளுவை தளைச்சு மூண்டு இடத்தில வயரைப் பிடிச்சு வைச்சிருக்கு. மரத்தில கட்டுறதெண்டா துணிக்கீலம் அல்லது றப்பர் ரியூப், அதுவும் தளர. கம்பியால கட்டாதேங்கோ.

கூடு நானும் மகளும் செய்தம். மூங்கில் சலாகை. அஞ்சு தடியில ஒரு நட்சத்திரம், அப்பிடி ரெண்டு. ரெண்டையும் ஒண்டுக்கு மேல ஒண்டு வைச்சு அஞ்சு நுனியையும் நூலால கட்டிப்போட்டு, உள்மூலை அஞ்சிலயும் குட்டித்தடியை நிமித்திக் குடுத்தா வயிறு ஊதி நிக்கும். அந்த வேலையை மகள் செய்தாள். அஞ்சாவது தடி குடுக்கேக்க முதலாவது கழண்டு பறக்கும், அதைக் குடுக்க மூண்டாவது பறக்கும். அரை மணித்தியாலம் ஏச்சும் சிரிப்பும். ரிஷூவில வெள்ளை உடம்பு, நுனியள் சிவப்பு. உள்ள 5 வாற் மஞ்சள் எல்.ஈ.டி. சூடில்லை, பனிக்குல்லா அண்ணையின்ட நட்சத்திரம் மாதிரி இறங்கி வராது. பாலையில கட்டேல்லை. மழைக்கு ரிஷூ நிக்காதெண்டு, விறாந்தை முகட்டுக்குக் கீழ.

அம்மா மத்தியானத்திலயிருந்து எங்களைப் பாத்துக்கொண்டு இருந்தவ. பின்னேரம் வந்து, ஒரு நுனியில ரிஷூ சுருங்கிக் கிடந்த இடத்தைத் தண்ணி தொட்டுத் தடவி இழுத்துவிட்டா. காய்ஞ்ச உடன மேளத்தோல் மாதிரி இறுகிச்சுது. "உங்கட கொப்பர் உப்பிடித்தான் செய்யிறவர்" எண்டா. எனக்கு இத்தனை வருசமாத் தெரியாது. இரவு அதுக்குக் கீழ கதிரையைப் போட்டுச் செபமாலை சொன்னவ.

பழைய மாலை பதினாலும் வயர்மாமா சொன்ன மாதிரி போச்சுது. நல்ல மாலையளைப் பெயின்ற் வாளியில போட்டு மூடி இறுக்கியாச்சு. எலி இனி வேற வீடு பாக்கட்டும். குஞ்சுகள் கண் திறந்து போட்டுதுகள்.

முள்ளியவளை_பிள்ளை
17 மார்கழி, காலை 6.15

நல்லாயிருக்கும் அண்ணா. போன வெள்ளிக்கிழமை எங்கட விளக்கீடும் நல்லாப் போச்சுது. 12 இல ரெண்டுதான் நூந்தது.

குளக்கட்டு
18 மார்கழி, இரவு 7.55

அண்ணை, கூட்டுக்குத் தடி எத்தினை அடி? மகன் படம் பாக்காமலே கேட்டுக்கொண்டு நிக்கிறான்.

பாலையடி
18 மார்கழி, இரவு 8.20

மூண்டடித் தடி பத்து. வயித்துக்கு அரை அடியில அஞ்சு. கோதுமை மாப் பசைக்கு மயில்துத்தம் ஒரு சொட்டுப் போடுங்கோ, இல்லாட்டிக் கரப்பான் ஒரே இரவில பேப்பரைத் திண்டு முடிக்கும். துத்தம் நஞ்சு, பெடியன் விரல் சூப்பாமப் பாத்துக்கொள்ளுங்கோ.

குளக்கட்டு
20 மார்கழி, இரவு 9.33

ரெண்டு கூடு முடிஞ்சுது. ஒண்டு கோணல். மூண்டு மாலை வேலிக்கு. ட்ரிப் இன்னும் விழேல்லை.

ஒரு விசயம் அண்ணை. உங்கட மான் வண்டில் சும்மா கிடக்குதெண்டா...

பாலையடி
20 மார்கழி, இரவு 9.41

நாளைக்கு மாங்குளம் பஸ்ஸில ஏத்திவிடுறன், சந்தியில வந்து எடுங்கோ. ஒரு மானுக்கு முன்னங்கால் வயர் எலி திண்டிட்டுது. மூண்டு கால்தான் எரியும்.